திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்

பள்ளிக்கூடத்துச் சுவர் வரைபடத்தில் திருச்சிக்கும் கொழும்புக்கும் நடுவே தையல் நூலை வைத்து அளந்தேன். நானூற்றிருபது கிலோமீட்டர் வந்தது. விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும். நீடாமங்கலம் பெண்கள் பள்ளியில் ஆறு வருடமாகப் புவியியல் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இந்தக் கணக்கில் எனக்குத் தப்பு வராது. வியாழக்கிழமை போவது, வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்குவது, சனிக்கிழமை திரும்புவது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மன்னார்குடி தாலுகா ஆபீசில் விசாரணை. நடுவில் ஒரு நாள் சும்மாவே மிச்சம் என்று தலைமையாசிரியையிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு லீவு எழுதிக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். என் அப்பா மாரிமுத்து பண்ணையாளாக இருந்து குத்தகைக்காரர் ஆனவர். இருபத்திரண்டு வருடமாக அவர் சாகுபடி செய்யும் ஏழு மா நிலம், ஏக்கரில் சொன்னால் இரண்டேகாலுக்குச் சற்று மேல், கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒரு ராவுத்தருடையது. அதை மேற்பார்க்க அவர் விட்டுவிட்டுப் போன ஏஜெண்ட் சபாபதி. குத்தகைக்காரர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்ததும் ஊருக்கு ஊர் சண்டை வந்தது. வரப்பில் சிவப்புக் கொடி ஏறியது, பின்னாலேயே போலீஸ் வேன் வந்தது, அறுவடைக்கு நாள் பார்த்தால் வக்கீலுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்பா ஓட்டை ஆளும் கட்சிக்கும் தோளை விவசாயச் சங்கத்துக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். திடீரென்று ஒரு நாள், அந்த ஏழு மாவுக்கும் குத்தகைக்காரன் நான்தான் என்று சபாபதி மனுப் போட்டுவிட்டார்.

எங்களிடம் துண்டுக் காகிதம் கிடையாது. எங்கள் பக்கம் குத்தகை வாயால் பேசுவது. சித்திரையில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தால் அந்த வருடத்துக்கு அதுதான் பத்திரம். ராவுத்தருக்கு மூன்று கடிதம் போட்டோம், பதில் இல்லை. அவர் எழுதிக் கொடுத்தால் நிலம் உண்டு. இல்லாவிட்டால் வருகிற குறுவைக்கு அப்பா மறுபடியும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்க வேண்டும். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. யாராவது நேரில் போக வேண்டும் என்றானபோது, "எனக்குப் பஸ்ஸே ஒத்துக்காது. நீ போயிட்டு வா" என்றார் அப்பா, மன்னார்குடி சந்தைக்கு அனுப்புவதுபோல. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் எப்படி வந்தன என்பது தனிப் புராணம், அதை விட்டுவிடுகிறேன்.

வியாழக்கிழமை விடியலிலேயே கிளம்பினேன். கொழும்பில் நான் தங்கப்போகிற வீட்டுக்கு அம்மா ஐந்து படி அரிசி கட்டிக் கொடுத்திருந்தாள். தஞ்சாவூர் தாண்டி மாவட்ட எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சோதனைச் சாவடிக்காரர் என் பையைத் தடவிப் பார்த்தவுடனே முகம் மலர்ந்தார்.

"அரிசி மாவட்டத்தைத் தாண்டக் கூடாதுன்னு தெரியாதா?"

"கடத்தலுங்களா சார்? அஞ்சு படியா?"

"எங்க கொண்டு போறீங்க?"

"கொழும்புக்கு" என்றேன். இந்தப் பதில் எனக்கு உதவவில்லை. பக்கத்துச் சீட்டு ஆள் "பெரிய கையா இருக்கும்போல" என்று முனகியது காதில் விழுந்தது. அரிசி எல்லையிலேயே நின்றுவிட்டது. இந்தப் பேச்சுவார்த்தையில் இருபது நிமிடம் போனதுதான் எனக்கு ஆத்திரம். ஊரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. வரைபடத்தில் இந்தத் தூரத்தை நான் அளக்கவே இல்லை.

விமானம் சிறியது, இரண்டு பக்கமும் விசிறி சுற்றுவது. காதில் வைக்கப் பஞ்சும் வாயில் போட மிட்டாயும் கொடுத்தார்கள். நான் இரண்டையும் கையிலேயே வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு துணி வியாபாரி. "முதல் தடவைங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "கீழ பாருங்க, கடிகாரத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். பார்த்தேன். வயல்கள் சின்னச் சின்னதாகி, ஒரு வெள்ளைக் கோடு வந்தது, அப்புறம் பச்சைத் தண்ணீர். ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டோம். நேரத்தைக்கூடத் திருப்பி வைக்க வேண்டியதில்லை, இங்கே என்ன மணியோ அங்கேயும் அதே மணி. நூல் பொய் சொல்லவில்லை என்று எனக்குக் கர்வமாக இருந்தது.

விமான நிலையத்திலிருந்து கொழும்பு நகரத்துக்கு வந்த பஸ் அந்தக் கர்வத்தைக் கவனித்துக்கொண்டது. விமானம் எடுத்ததைவிட அரை மணி கூடுதல். நடுவில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ஒரு தென்னந்தோப்பு நிழலில் நின்றோம். என்னைத் தவிர யாருக்கும் அவசரம் இல்லை. கண்டக்டர் சிங்களத்தில் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, ஒரு பையன் மொழிபெயர்த்தான்: "நடந்தால் டயர் வேகமாக மாறாது என்கிறார்." அதற்குப் பிறகுதான் நான் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் பரமேஸ்வரி வீட்டில் தங்கினேன். எங்கள் பள்ளி டிராயிங் டீச்சருடன் சென்னையில் படித்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், அவரும் ஆசிரியை. இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியை, அவர்கள் சொல்லில் பாணை, வெட்டி வைத்துத் தேங்காய்ச் சம்பலை நடுவில் வைத்தார்.

"குறை நினைக்காதேங்கோ. அரிசி கூப்பனுக்குத்தான். பாணும் விடிய எழும்பிக் கியூவில நிண்டு வாங்கினது. உங்கட ஊரில மூண்டு நேரமும் சோறாமே, உண்மையோ?"

உண்மைதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெல் விளைகிற ஊரில் அதை விளைவித்தவர்களுக்கு மூன்று நேரமும் சோறு என்பது என் சின்ன வயதில் இல்லை. சாவடியில் போன ஐந்து படியைச் சொன்னேன். அவர் சிரித்தார். இங்கேயும் ஜில்லாவுக்கு ஜில்லா அரிசி மறியல்தான், அவர்கள் அளவில் இரண்டு கொத்துக்கு மேல் கொண்டு போனால் இறக்கிவிடுவார்கள் என்றார். இரண்டு நாட்டுப் போலீசும் அரிசி மூட்டையைத் தடவுவதில் ஒன்றுபோலத்தான் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே ராவுத்தர் கடை இருக்கும் புறக்கோட்டைக்குப் போய்விட்டேன். தெரு முழுக்கக் கடைகள், தள்ளுவண்டிகள், தமிழும் சிங்களமும் கலந்த சத்தம். ராவுத்தர் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சுதான் திறப்பார்" என்றார். விமானத்தில் ஒரு மணி நேரத்தில் கடலைத் தாண்டியவள் ஒரு பூட்டுக்கு முன்னால் ஐந்து மணி நேரம் நின்றேன். ஓட்டலில் சாப்பிடலாம் என்று போனால், இன்று சோறு போடக் கூடாத நாள் என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் அப்படியாம். மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் கிடைத்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் நான் வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில் முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

ராவுத்தர் இரண்டு மணிக்கு வந்தார். ஒல்லியாக, உயரமாக, அறுபத்தைந்து வயது இருக்கும். கடைக்குள் வெறும் சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன. மிளகாய் வற்றலும் வெங்காயமும் இந்தியாவிலிருந்து இறக்கி விற்ற கடை. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியபின் கருவாடும் கொஞ்சம் மல்லியும்தான் பாக்கி.

"மாரிமுத்து மக பூங்கோதைங்க ஐயா. நீடாமங்கலத்துல டீச்சரா இருக்கேன்."

"மாரிமுத்து மகளா? நீ..." என்று ஆரம்பித்தவர் என் கைக்கடிகாரத்தையும் தோல்பையையும் பார்த்தார். "உக்காருங்க" என்றார். என் ஊரில் நிலக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு ஆளை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உட்காரவும் மறந்து நின்றேன்.

"மூணு லெட்டர் போட்டோமே ஐயா, வரலிங்களா?"

"மூணும் வந்துச்சு. பதில் எழுதினா நிலம் போயிடும். எழுதாட்டி மாரிமுத்து போயிடுவான். என்ன எழுதறதுன்னு தெரியாம டிராயர்லயே வெச்சிட்டேன்."

வக்கீல் குமாஸ்தா டைப் அடித்துக் கொடுத்த காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். நான் மனதுக்குள் நிமிடங்களை எண்ணினேன்.

"இது எந்த நிலம்? சர்வே நம்பர்னு என்னமோ போட்டிருக்கு. என் நிலத்தை நம்பர் வெச்சு யாரும் கூப்பிட்டதில்ல. எனக்குத் தெரிஞ்சது நாவலடி ஏழு மா. தெரியாததுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மாரிமுத்து மகதான்னு எனக்கு எப்படித் தெரியும்? சபாபதிகிட்டேருந்தும் காகிதம் வருது. சரி, சொல்லுங்க பாப்போம். மதகுலேருந்து நாவலடி எவ்வளவு தூரம்?"

எனக்குத் தெரியவில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் தூரம் கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். அப்பா இருபத்திரண்டு வருடம் நடந்த வரப்பின் நீளம் தெரியவில்லை. நடவுக்கும் களைக்கும் என்னை இறங்கவிடாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அவர். வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் முடியவில்லை.

"தூரம் தெரியாதுங்க ஐயா. அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோவேன். மதகுல பதினொண்ணாம் வாய்ப்பாடு ஆரம்பிச்சா, பதினாலாம் வாய்ப்பாடு முடியறப்ப நாவலடி வந்துடும்."

ராவுத்தர் என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. அவர் மனதுக்குள் வாய்ப்பாடு சொல்லி நடந்து பார்க்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

"எழுதிக் குடுத்தா அந்த நிலம் இனிமே பேருக்குத்தான் என்னோடது. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. அதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மணி நேரந்தானே ஐயா விமானம். ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே. எங்கப்பா யாருன்னு நான் வந்து சொல்ல வேண்டியிருக்கே."

"உங்களுக்கு ஒரு மணி நேரம். எனக்குப் பதினோரு வருஷமாச்சு." குரலை உயர்த்தவில்லை. "இங்க இருக்கறதுக்கு வருஷா வருஷம் அனுமதி வாங்கறேன். வெளிய போனா அடுத்தது குடுக்க மாட்டாங்க. போறதுன்னா ஒரேயடியாப் போகணும். அங்க யாரு இருக்கா? பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, மகன் சிங்கப்பூர்லயே இருந்துட்டான். இங்கயாவது இந்தச் சாக்கு இருக்கு."

அவர் தேநீர் வரவழைத்தார். சர்க்கரை இல்லை, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கருப்பட்டி வைத்து, கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னார். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"நாவல் மரம் நல்லா இருக்கா? இந்த வருஷம் காய்ச்சுதா?"

அந்த மரம் மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசிப் புயலில் வேரோடு சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம், அதில் நண்டு. இதைச் சொன்னால் கிழவர் மனம் மாறிவிடுவாரோ என்று பயம். மரம் இல்லாத நிலத்துக்கு நாவலடி என்று எப்படி எழுதுவார்? கருப்பட்டி நாக்கில் கரைந்துகொண்டிருந்தது.

"நல்லா இருக்குங்க ஐயா. காய்ச்சு உதிர்ந்து வரப்பெல்லாம் ஊதாவாக் கிடந்துச்சு" என்றேன். புவியியல் டீச்சருக்கு இல்லாத மரத்தில் பழம் காய்க்க வைக்கத் தெரிந்தது.

அவர் என்னிடம் பேனா கேட்டார். டைப் அடித்ததைத் திருப்பித் தந்துவிட்டு, கடைக் காகிதத்தில் தன் கையாலேயே தமிழில் எழுதினார்: நாவலடி ஏழு மாவை என் குத்தகையாக மாரிமுத்து என்பவரே பயிர் செய்து வருகிறார், வேறு யாரும் இல்லை. கீழே கையெழுத்து. சர்வே நம்பர் போட மாட்டேன் என்றுவிட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை.

சனிக்கிழமை விமான நிலையத்தில் ஒலிபெருக்கி மூன்று மொழியில் ஒரே செய்தியைச் சொன்னது: இயந்திரக் கோளாறு, திருச்சி விமானம் இல்லை, அடுத்தது செவ்வாய்க்கிழமை. கவுண்டரில் இருந்த பெண், "செவ்வாய் வரை ஒண்டும் ஆகாது, கொழும்பைச் சுத்திப் பாருங்கோ" என்றாள். அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. கருவாட்டு மூட்டையோடு நின்ற ஒருவர்தான் வழி சொன்னார்: "சாயந்தரம் கோட்டை ஸ்டேஷன்லேருந்து தலைமன்னாருக்கு ரயில். காலைல ராமேஸ்வரத்துக்குக் கப்பல். ஓடுங்க."

ஓடினேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, முதுகை மட்டும் நேராக வைக்க இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பலுக்கு வரிசை. வாந்தியெடுக்கும் குழந்தைகள், டிரங்குப் பெட்டிகள், மலையகத்தை விட்டு ஒரேயடியாக இந்தியாவுக்கு அனுப்பப்படும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். எனக்கு முன்னால் நின்ற பெண் கையில் அம்மிக்குழவி. அம்மி எங்கே என்று கேட்டேன். "அதைத் தூக்க முடியல, இதையாச்சும்னு எடுத்தாந்தேன்" என்றாள். அவள் போகிற ஊரை அவள் பார்த்ததே இல்லையாம். அவள் இறங்கிப்போகும்வரை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ராமேஸ்வரத்தில் சுங்கத்துக்காரர் என் பையைக் கவிழ்த்துக் கொட்டி, சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டார். காகிதம் பையில் இல்லை, ரவிக்கைக்குள் இருந்தது. மறுபடி ரயில், திங்கட்கிழமை விடியலில் திருச்சி, அங்கிருந்து இரண்டு பஸ். மன்னார்குடி தாலுகா ஆபீஸ் வாசலில் இறங்கியபோது மணி பதினொன்று பத்து. போகும்போது விமானம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். திரும்பியது ஒன்றரை நாளுக்கும் மேல். வேப்பமர நிழலில் வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்ததும், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தாசில்தார் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். "நாவலடின்னு ஒரு நிலம் என் ரிக்கார்டுல இல்லையேம்மா. சர்வே நம்பர் எங்க?"

சபாபதியின் வக்கீல் உடனே எழுந்தார். நாவலடி என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு புன்செய் என்றும், இந்த வழக்குக்கும் அந்தக் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் அடித்துச் சொன்னார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது சபாபதி எழுந்துவிட்டார். தன் வக்கீல் சொன்னது அவருக்குத் தாங்கவில்லை. இருபது வருட ஏஜெண்டுக்கு முன்னால் ஒருவர் நிலத்தின் பெயரைத் தப்பாகச் சொல்வதா?

"வக்கீல் சார் சொல்றது தப்புங்க. ஆத்துக்கு அந்தாண்ட இருக்கறது நாவக்கொல்லை. நாவலடின்னா இதே ஏழு மாதான். இருபது வருஷமா ராவுத்தருக்காகக் களத்துல நின்னு நான்தான் அளந்து எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

வக்கீல் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். தாசில்தாரின் பேனா நின்றது.

"யாரு அறுத்து அடிச்ச நெல்லை அளந்தீங்க?"

"மாரிமுத்துதான், வேற யாரு" என்றார் சபாபதி. சொல்லி முடித்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

பதிவேட்டில் அப்பா பெயர் ஏறியது. வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிடும்போது அப்பா ராவுத்தரைப் பற்றி ஒன்றொன்றாக விசாரித்தார். இளைத்துவிட்டாரா, ஊர்ப் பேச்சு பேசுகிறாரா, என்னைப் பற்றி என்ன சொன்னார். கடைசியில், "மரத்தைக் கேட்டிருப்பாரே?" என்றார்.

"கேட்டார்."

"என்ன சொன்ன?"

"இருக்குன்னேன். காய்ச்சதுன்னேன்."

அப்பா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கை மட்டும் மெதுவாகிவிட்டது. "எழுதிப் போடு" என்றார்.

எழுதினேன். மூன்று காகிதம் கிழித்தேன். மரம் விழுந்து மூன்று வருடம் ஆகிறது, நிலம் போய்விடுமோ என்ற பயத்தில் பொய் சொன்னேன், நீங்கள் எழுதிக் கொடுத்ததை வேண்டாம் என்று தாசில்தாருக்கு எழுதினாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன் என்று எழுதினேன். கடைசி வரியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் தபால்காரரைப் பள்ளிக்கூட வாசலிலேயே மறித்தேன். அவர் என்னைக் கண்டதுமே தூரத்திலிருந்து கையை விரிக்கப் பழகிக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. கடைக் காகிதம், அதே கையெழுத்து.

"டீச்சரம்மாவுக்கு. மரம் விழுந்த வாரமே சபாபதி எனக்கு எழுதிவிட்டார். விறகு எத்தனை வண்டி என்றுகூட எழுதியிருந்தார். எனக்குத் தெரியும். நம் ஊர்க்காரர் வாயால் மரம் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது, கேட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் உங்களிடம் பேனா கேட்டேன்."